முதல்கை

கட்சியின் கடந்த பத்தொன்பது தேசிய மாநாடுகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு தீர்மானங்கள் நிறைவேறியிருக்கின்றன. முன்மொழிந்தவர்கள் பலர், வழிமொழிந்தவர்கள் பலர். அவர்களில் பாதிப் பேர் இப்போது வேறு கட்சியில் இருக்கிறார்கள். அத்தனையையும் நிறைவேற்றியவர் மட்டும் ஒரே ஆள். அவர் அரசு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துவைக்கும் டிரம் ஓட்டுகிறவர்.

கட்சிக்குள் ஓட்டெடுப்பு கிடையாது. தலைகளை எண்ணுவது ஒற்றுமைக்குக் கேடு என்று நிறுவனத் தலைவர் காலத்திலேயே முடிவாகிவிட்டது. தீர்மானத்தை வாசிப்பார்கள், அரங்கம் கை தட்டும், 'பலத்த கரவொலியோடு ஏகமனதாக நிறைவேறியது' என்று ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். இதில் ஒரே ஒரு சிக்கல். யாராவது ஒருவர் முதலில் தட்டவேண்டும். ஒரு மாநாட்டில் தலைவர், "நாம் தோற்றுவிட்டோம் என்று" என்பதுவரை சொல்லி மூச்சு வாங்கியபோது ஒருவர் கை முந்திவிட்டது. "சொல்பவர்களுக்கு" என்று தலைவர் மிச்சத்தைச் சொல்வதற்குள் ஆறாயிரம் பேரும் தட்டி முடித்திருந்தார்கள். முதலில் தட்டியவர் நான்கு முறை சட்டமன்றத்துக்குப் போனவர். இன்று கோழித்தீவனம் விற்கிறார்.

அதற்குப் பிறகு முதலில் தட்ட ஆளில்லை. அடுத்த மாநாட்டில் முதல் தீர்மானம் வாசித்து முடிந்து, எல்லோரும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பின்வரிசையிலிருந்து பலகை முறிந்தது போல ஒரு சத்தம் வந்தது. ரயிலில் நின்றபடியே வந்த களைப்பில் தூங்கிப்போயிருந்த டிரம்காரர், விழித்துப் பார்த்து, கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தட்டியது அது. அரங்கம் பிடித்துக்கொண்டது. தலைவர் அந்தச் சத்தம் வந்த திசையைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தாரா, கொட்டாவி விட்டாரா என்பதில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. ஆனால் அடுத்த வருடமே டிரம்காரருக்கு மூன்றாவது வரிசையில் இருக்கை போட்டார்கள். பின்னால் மாவட்டச் செயலாளர் உட்கார்ந்து, சரியான இடம் வந்ததும் தோளை ஒரு விரலால் தொடுவார். தொட்டால் தட்டவேண்டும். கட்சியில் அவருக்கு 'முதல்கை' என்று பெயர் வந்தது.

கை அப்படிப்பட்ட கைதான். நாளெல்லாம் டிரம்முக்குள் தோள்வரை விட்டு, முறுக்கிக் கிடக்கும் ஈர விரிப்புகளை இழுத்துப் போட்டு, ஊறிக் காய்ந்து ஊறிக் காய்ந்து, தோல் பூட்ஸ் அடிப்பாகம் மாதிரி ஆகியிருந்தது. இடக்கையைக் கொஞ்சம் குழித்து வைத்து வலக்கையால் அடித்தால் மைக் தேவைப்படாது. ஒரு மாநாட்டில் தலைவர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கி, "இது கட்சியின் சொத்து" என்றார். அந்தக் கையை இனிக் கழுவுவதில்லை என்று டிரம்காரர் முடிவு செய்தார். அவர் வேலை பார்க்கும் இடத்தில் அந்த முடிவு அரை மணி நேரம் தாங்கியது.

அவர் மனைவிக்கும் அதே இடத்தில்தான் வேலை. டிரம் அறைக்கு அடுத்த மடிப்புக்கூடத்தில் இருபது மேசை, நாற்பது பெண்கள். இவள்தான் மூத்தவள், எல்லோருக்கும் மடிப்பக்கா. விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். நான்கு முனையைப் பிடித்து உதறி, நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கி, கடைசியில் ஒருத்தி வாங்கி மேசையில் போட்டு முடிப்பாள். முடித்ததும் உள்ளங்கையால் இரண்டு தட்டு. தட்டினால்தான் உள்ளே நிற்கும் காற்று வெளியேறி மடிப்பு படியும், அடுக்கு சாயாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித் தருவதே அந்தத் தட்டைத்தான்.

போன வருடம் சுகாதார அமைச்சர் பார்வையிட வந்தார். அவர் வாசலில் கால் வைத்த நேரமும் இருபது மேசையில் மடிப்பு முடிந்த நேரமும் ஒன்றாகிவிட்டன. படபடவென்று நாற்பது தட்டு. அமைச்சர் நின்று, நெஞ்சில் கை வைத்து, தலை தாழ்த்தி, "உங்கள் அன்புக்கு நன்றி" என்றார். அடுத்த விரிப்பை எடுத்தார்கள். அது முடிந்ததும் மறுபடி தட்டினார்கள். அவர் மறுபடி தலை தாழ்த்தினார். அன்றைக்கு அவர் பதினோரு முறை நன்றி சொல்லிவிட்டுப் போனார். இப்படி வரவேற்கிற தொழிலாளர்களை எங்கும் பார்த்ததில்லை என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

இந்த வருட மாநாட்டுக்குப் பத்து நாள் முன்பு தீர்மானப் புத்தகம் வந்தது. டிரம்காரரின் மகள் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். மாவட்டத்துக்கான பிரதிகள் அங்கேதான் எடுக்கப்பட்டன. அவள் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீடு என்றால் சலவைக்கூடத்தின் பின்சுவரை ஒட்டிய குவார்ட்டர்ஸ். ஓர் அறை, ஒரு சமையலறை. பாய்லர் ஓடும் நேரத்தில் சுவர் சூடாக இருக்கும். வெளியே நான்கு நாளாக விடாத மழை. அந்தச் சுவரில்தான் துணி காயப்போட்டிருந்தார்கள். மேசையில் ரொட்டியும் அவித்த முட்டையும் இருந்தன.

"அப்பா, பதினாலாவது தீர்மானத்த மட்டும் கேளு," என்றாள் மகள். "'பொது மருத்துவமனைகளின் துணைப் பணிகளைக் காலத்துக்கேற்பச் சீரமைத்து, தகுதி வாய்ந்த கைகளில் ஒப்படைப்பதென இம்மாநாடு தீர்மானிக்கிறது.'"

"நல்லதுதானே. சீரமைக்கட்டும். மூணாம் நம்பர் டிரம்முக்கு பேரிங் மாத்தி எட்டு வருஷமாச்சு."

"துணைப் பணின்னா என்னன்னு பின்னாடி போட்டிருக்கு. ஒண்ணு சமையல். ரெண்டு சலவை. தகுதி வாய்ந்த கைன்னா உன் கை இல்லப்பா. கான்ட்ராக்டர் கை."

முட்டை உரித்துக்கொண்டிருந்த மடிப்பக்கா நிறுத்தினாள். "அப்ப நாம?"

"அதுவும் இருக்கு. 'தற்போதைய பணியாளர்கள் உரிய மரியாதையோடு விடுவிக்கப்படுவர். குடியிருப்புகள் முப்பது நாளில் காலி செய்யப்படும்.'"

"உரிய மரியாதைன்னா?"

"கதவத் தட்டிட்டு வெளிய போகச் சொல்லுவாங்க."

டிரம்காரர் ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் நனைத்தார். நனைத்த துண்டு கோப்பைக்குள்ளேயே விழுந்தது. அதை எடுக்கவில்லை. "தலைவருக்குத் தெரியாம யாரோ எழுதியிருப்பாங்க," என்றார்.

"தலைவர் படம் அட்டையில இருக்கு, கையெழுத்து உள்ள இருக்கு. வேற எதுல தெரியணும்?"

"சும்மா இருடி," என்றாள் தாய். ஆனால் அவள் பார்வை கணவர் கையில் இருந்தது. "ஏங்க, இது எப்படி நிறைவேறும்?"

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"சொல்லுங்க. வாசிப்பாங்க. அப்புறம்?"

"தட்டுவாங்க."

"யாரு?"

மகள் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். கட்சியின் விதிமுறைப் புத்தகத்தில் ஒரு பக்கம். "இதையும் கேளுங்க. விதி முப்பத்தொண்ணு. கரவொலி கிடைக்காத தீர்மானம் ஒரு வருஷத்துக்கு ஒத்திவைக்கப்படும்."

"அப்படி ஒரு விதியா? யாரு படிச்சா?"

"அச்சுக் கோத்தவன் படிச்சிருப்பான். அப்புறம் நான்."

சுவரின் மறுபக்கம் பாய்லர் ஆவி விட்டது. டிரம்காரர் எழுந்து கை கழுவப் போனார். அங்கிருந்தே, முதுகு காட்டியபடி சொன்னார். "நான் தட்டலேன்னா கட்சி என்ன நினைக்கும்?"

"நீங்க தட்டினா பெட்டி படுக்கையக் கட்டிக்கிட்டு எங்க போய் நிக்கிறதுன்னு நான் நினைக்கிறேன்," என்றாள் மனைவி. "அறுபது குடும்பங்க. தட்ட மாட்டேன்னு சொல்லுங்க."

"பாக்கலாம்."

"என்ன பாக்கலாம்?"

"பத்தொன்பது வருஷம்டி. அந்தக் கூட்டத்துல என்னை ஆளா மதிச்சது அந்த ஒரு சத்தத்துக்குத்தான். பாக்கலாம்னு சொன்னேன்ல?"

சலவைக்கூடத்தின் பெண்கள் எல்லோரும் காகிதத்தில் மகளிர் அணி உறுப்பினர்கள். உறுப்பினர் எண்ணிக்கை குறைந்த ஒரு வருடம், சம்பளப் பட்டியலைப் பார்த்து மொத்தமாகச் சேர்த்துவிட்டார்கள். அட்டை மேசை டிராயரில் கிடந்தது. மடிப்பக்கா அதைத் தேடி எடுத்துத் துடைத்தாள்.

"நானும் மாநாட்டுக்கு வரேன்."

"நீ எதுக்கு?"

"உங்க கையப் பாத்துக்கிட்டு இருக்க."

மறுநாளே மடிப்புக்கூடம் முழுவதும் செய்தி பரவிவிட்டது. மடிப்பக்காவோடு சோடியாக மடிக்கும் நெட்டை என்கிற பெண்ணுக்கு வாய் நீளம். "அக்கா, மாமா தட்ட மாட்டாரில்ல?"

"பாக்கலாங்கிறாரு."

"பாக்கலாமா? எலும்பு வார்டுல நமக்குத் தெரிஞ்ச நர்ஸ் இருக்காங்க. ரெண்டு கைக்கும் மாவுக்கட்டு போட்டு அனுப்பிடு. வழுக்கி விழுந்துட்டாருன்னு சொல்லிக்கலாம்."

"கட்டோட தட்டினா சத்தம் இன்னும் பெருசா வரும்," என்றாள் அடுத்த மேசைக்காரி. சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தார்கள். உதறுகிற சத்தமும் தட்டுகிற சத்தமும் மட்டும் கேட்டன.

ரயிலில் மாவட்டச் செயலாளர் டிரம்காரரை ஜன்னலோரம் உட்காரவைத்தார். பெட்டியைத் தூக்க விடவில்லை. கைக்குக் குளிர் படக்கூடாது என்று ஒரு சோடி கம்பளிக் கையுறை வாங்கி வந்திருந்தார். முட்டையைக்கூட அவரே உரித்துக் கொடுத்தார். மடிப்பக்கா எதிரில் உட்கார்ந்து, மணமகனைப் பார்க்கிற மாதிரி கையுறை மாட்டிய தன் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, பதினாலுக்குக் கொஞ்சம் அழுத்தமா வேணும்," என்றார் செயலாளர். "மத்ததெல்லாம் வழக்கம்போல. பதினாலுக்கு மட்டும் நெஞ்சுல இருந்து வரணும்."

"அது சலவைக்கூடத்தப் பத்தினது இல்லீங்களா?"

"ஆமாண்ணே, அதனாலதான். சலவைக்கூடத்துக்காரரே தட்டினாருன்னா அப்புறம் யாரு வாய் திறப்பா? நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. கான்ட்ராக்ட் வெளியாளுக்குப் போகல. என் மச்சான்தான். நம்ம குடும்பம் மாதிரி."

"யாரு குடும்பம் தம்பி?" என்றாள் மடிப்பக்கா.

செயலாளர் கேட்காத மாதிரி டிரம்காரர் பக்கம் இன்னும் சாய்ந்தார். "உங்களுக்கு வாட்ச்மேன் வேலை போட்டு வெச்சிருக்கேண்ணே. உக்காந்துக்கிட்டே பாக்கலாம். நாற்காலி நான் வாங்கித் தரேன்."

"மடிப்புல நாப்பது பேரு இருக்கோம்," என்றாள் அவள். "எல்லாருக்கும் வாட்ச்மேன் வேலையா? அத்தன பேரு காவல் காக்கிற அளவுக்கு அங்க என்ன தம்பி மிச்சம் இருக்கும்?"

செயலாளர் சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றது. "அக்காவுக்கு அரசியல் புதுசு," என்று டிரம்காரரிடம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கோழித்தீவனக் கடைக்காரர் போன வாரம் என்னைப் பாக்க வந்தாருண்ணே. திரும்பச் சேத்துக்கச் சொல்லி அழுதாரு. பாவம். ஒரு கை, ஒரே ஒரு தடவ தப்பிடுச்சு."

டிரம்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கையுறைக்குள் விரல்கள் மடங்கி விரிவதை அவள் பார்த்தாள்.

மாநாடு உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. வாசலில் இரண்டு முறை சோதனை. கொடிக்கம்பு பாதுகாப்புக்கு ஆகாது என்று, கம்பு இல்லாமல் கொடித்துணியை மட்டும் ஒவ்வொரு நாற்காலியிலும் போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் தலைவரின் படம் நான்கு மாடி உயரத்துக்கு நின்றது. அதன் கீழே தலைவர் உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

மகளிர் பகுதி மேடைக்கு இடப்புறம். அங்கே முன்வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு நிற்கும் மைக். உறுப்பினர்கள் கேள்வி கேட்பதற்கென்று வைத்தது. ஒவ்வொரு வருடமும் வைப்பார்கள், காலையிலிருந்து மாலைவரை உயிரோடு இருக்கும், யாரும் கேட்டதில்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் கேள்வி இருப்பதாக யாராவது நினைத்துவிடுவார்கள் என்று எல்லோரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். மடிப்பக்காவுக்கு அது தெரியாது. அங்கிருந்து பார்த்தால் மூன்றாவது வரிசையில் கணவரின் பக்கவாட்டு முகமும் கைகளும் நேராகத் தெரிந்தன. உட்கார்ந்துவிட்டாள். மைக்கின் வாய் அவள் மடிக்கு ஒரு முழம் மேலே இருந்தது.

கொடித்துணியை எடுத்துப் பார்த்தாள். ஒரு கஜச் சதுரம். இஸ்திரி போடவில்லை, கண்டபடி கசங்கியிருந்தது. பாதி நைலான் கலந்தது. இந்த மாதிரித் துணி அடம் பிடிக்கும், நன்றாகத் தட்டினால்தான் படியும். சும்மா இருக்க முடியாமல் மடியில் விரித்து ஓரம் சேர்த்தாள்.

முதல் தீர்மானம் வாசிக்கப்பட்டது. செயலாளரின் விரல் டிரம்காரர் தோளைத் தொட்டது. பலகை முறிந்தது. ஆறாயிரம் பேர் தட்டினார்கள். அந்த இரைச்சலில் மடிப்பக்காவும் தன் துணியை மடித்து முடித்து இரண்டு தட்டு தட்டினாள். யாருக்குக் கேட்கும்? பிறகு அதைப் பிரித்து மறுபடி விரித்தாள்.

இரண்டு. மூன்று. உலக அமைதிக்கு ஒன்று. தலைவரின் உடல்நலத்துக்கு ஒன்று. தலைவரின் தாயார் பிறந்த வீட்டைப் பாதுகாக்க ஒன்று. எதிர்க்கட்சியைக் கண்டித்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் விரல், ஒவ்வொன்றுக்கும் பலகை. கணவர் ஒருமுறைகூட இவள் பக்கம் திரும்பவில்லை. எட்டாவதில் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள், அவரும் நின்றார். ஒன்பதாவதில் அவர் முகத்தில் அந்தப் பழைய பெருமை வந்ததை அவள் பார்த்தாள். இந்த மனுஷன் தட்டிவிடுவான் என்று நினைத்தாள். கைக்கு ருசி கண்டுவிட்டது. இனி நிற்காது.

பதின்மூன்று முடிந்தது. சுகாதார அமைச்சர் மைக் முன் வந்தார். நெஞ்சில் கை வைத்து, யாரும் தட்டாமலே ஒரு முறை தலை தாழ்த்திக்கொண்டார்.

"தீர்மானம் பதினான்கு. பொது மருத்துவமனைகளின் துணைப் பணிகளை..."

மடிப்பக்காவுக்கு அரங்கத்தில் வேறு எதுவும் தெரியவில்லை. கணவரின் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. அவை முழங்காலின் மேல் மல்லாந்து கிடந்தன.

"...தகுதி வாய்ந்த கைகளில் ஒப்படைப்பதென இம்மாநாடு தீர்மானிக்கிறது."

விரல் தோளைத் தொட்டது.

கைகள் எழுந்தன. இடக்கை குழிந்தது. வலக்கை ஒரு சாண் விலகியது. பிறகு, அவள் கண் முன்னால், அந்த இரண்டு கைகளும் மெதுவாகக் கீழே இறங்கி, தொடைக்கும் நாற்காலிக்கும் நடுவில் போயின. அவர் தன் கைகளின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அரங்கம் காத்திருந்தது. செயலாளரின் விரல் மறுபடி தொட்டது. பிறகு இரண்டு விரல். பிறகு முழுக் கையும் தோளை அழுத்தியது. டிரம்காரரின் காது மடல் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, உடம்பு அசையவில்லை. அமைச்சர் தண்ணீர் குடித்தார். கடைசி வரியை இன்னொரு முறை, கொஞ்சம் உரக்க வாசித்தார். ஆறாயிரம் பேர் கோழித்தீவனக் கடையை நினைத்துக்கொண்டு அவரவர் கையை அவரவர் மடியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். மேலே மின்விசிறிகள் ஓடுவது கேட்டது. எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அதில் இருந்த ஆள் பயந்துபோய் இருமினார். ஏட்டில் எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, விதி முப்பத்தொன்று என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தவர்போலப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

ஜெயித்துவிட்டோம் என்று மடிப்பக்கா நினைத்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு பக்கம் புரட்டட்டும். அவள் உயிர் முழுக்கக் கண்ணில் இருந்தது. கை என்ன செய்கிறதென்று பார்க்க அங்கே ஆளில்லை. கை அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஓரத்தோடு ஓரம் சேர்த்தது, பாதியாக்கியது, கால்வாசியாக்கியது, கடைசி மடிப்பைப் போட்டது. அடம் பிடிக்கிற நைலான். இருபத்தாறு வருடப் பழக்கம்.

தட். தட்.

கேள்வி கேட்பதற்கென்று வைத்த மைக், இத்தனை வருடத்தில் முதன்முதலாகத் தனக்குக் கிடைத்ததை எட்டுத் திசை ஒலிபெருக்கிகளுக்கும் அனுப்பிவைத்தது.

ஆறாயிரம் பேர் அடக்கிவைத்திருந்த மூச்சு கைவழியாக வெளியே வந்தது. இப்படி ஒரு கரவொலி முந்நூற்றுப் பன்னிரண்டு தீர்மானத்துக்கும் கிடைத்ததில்லை. எழுந்து நின்று தட்டினார்கள். நாற்காலி மேல் ஏறித் தட்டினார்கள். ஏட்டுக்காரர் புத்தகத்தை மூடிவிட்டு எழுதினார். டிரம்காரர் கையின் மேல் உட்கார்ந்தபடியே, சத்தம் வந்த திசையைத் தேடித் திரும்பினார். அவர் கண் அவள் மடியில் வந்து நின்றது.

அவள் கை இன்னும் துணியின் மேல் இருந்தது.

செயலாளர் மேடைக்கு ஓடினார். தலைவர் காதில் ஏதோ சொன்னார். தலைவர் அவளைச் சுட்டிக் கூப்பிட்டார். இரண்டு பெண்கள் அவளை எழுப்பி, தூக்காத குறையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"இந்தத் தாய் ஒரு சலவைத் தொழிலாளி!" என்றார் தலைவர். "தன் துறையைச் சீரமைக்கத் தானே முதல் கையைத் தந்திருக்கிறார்! இரண்டு வார்த்தை பேசும்மா."

மைக்கை அவள் முன்னால் வைத்தார்கள். கீழே மூன்றாவது வரிசையை மட்டும் பார்த்தாள்.

"நான் கை தட்டலீங்க," என்றாள். "துணிதான் மடிச்சேன்."

அரங்கம் சிரித்துத் தட்டியது.

"எங்களுக்கு இது வேண்டாங்க. அறுபது குடும்பம் இருக்கோம். வீட்டக் காலி பண்ணச் சொல்லியிருக்கீங்க. நான் தட்டல. மடிச்சா தட்டணும், அதனால..."

'காலி பண்ண' என்பதற்குள்ளேயே இசைக்குழு ஆரம்பித்துவிட்டது. "என்ன ஒரு எளிமை!" என்றார் தலைவர், இன்னொரு மைக்கில். பெரிய கொடி ஒன்றை அவள் தோளில் போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். அமைச்சர் அவளைப் பார்த்து ஒருமுறை, கூட்டத்தைப் பார்த்து மூன்று முறை தலை தாழ்த்தினார்.

திரும்பி வரும் ரயிலில் செயலாளர் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார். ஜன்னலோரம் காலியாக இல்லை. இருவரும் கதவருகே பெட்டியின் மேல் உட்கார்ந்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மூன்று நிலையங்கள் கடந்தன.

"நான் தட்டல," என்றார் அவர்.

"பாத்தேன்."

"பத்தொன்பது வருஷத்துல இதுதான் முதல் தடவ."

"பாத்தேங்க. நீங்க கைய உள்ள விட்டத நான்தான் பாத்தேன். வேற எவனும் பாக்கல." அவள் தன் கையை விரித்துக் காட்டினாள். "என் கைய யாரு பாத்தா? உங்களப் பாக்கணும்னு வந்தேனே, என்னைப் பாத்துக்க ஒரு ஆளக் கூட்டிட்டு வந்தேனா?"

"மடிப்பு எப்படி இருந்துச்சு?" என்றார்.

"எது?"

"அந்தக் கொடி. படிஞ்சுதா?"

அவள் முறைத்தாள். பிறகு சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஏதோ ஒன்று வந்தது; முந்தியது அழுகைதான். அவர் கையுறையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மடிப்புக்கூடத்துக்குள் நுழைய அவளுக்குக் கால் வரவில்லை. செய்தித்தாளில் படம் வந்திருந்தது. நாற்பது பேர் இல்லை, முப்பத்தொன்பது பேர் தலை நிமிராமல் நின்றார்கள். அவள் தன் மேசைக்குப் போய் விரிப்பின் இரண்டு முனையை எடுத்தாள். நெட்டை மற்ற இரண்டு முனையை எடுத்தாள். உதறினார்கள், நெருங்கினார்கள், விலகினார்கள். மேசையில் போட்டுக் கடைசி மடிப்பை மடித்துக் கையை ஓங்கியபோது நெட்டை சொன்னாள்:

"மெதுவாக்கா. வேற ஏதாவது நிறைவேறிடப் போவுது."

பிறகு அடுத்த மேசைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கூடமே சிரித்தது. விரிப்பில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள். டிரம்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று முழுவதும் யார் எதை மடித்தாலும், "இது பதினஞ்சு", "இது பதினாறு" என்று குரல் வந்தது.

ஆணை வந்தது. முப்பது நாள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பத்தாவது நாள் செயலாளரின் மச்சான் இடத்தைப் பார்க்க வந்தார். புதுச் சட்டை, புதுச் செருப்பு. பாய்லரைப் பார்த்தார், டிரம்களைத் தட்டிப் பார்த்தார். பிறகு, அமைச்சர் சொல்லி அனுப்பியிருந்த கைதட்டல் வரவேற்பை எதிர்பார்த்து, செயலாளரோடு மடிப்புக்கூடத்தின் வாசலில் வந்து நின்றார்.

மடிப்பக்கா நிமிர்ந்து பார்த்தாள். விரிப்பின் முனையை எடுத்தாள். இருபது மேசையிலும் எடுத்தார்கள். உதறினார்கள். நெருங்கி வந்து, விலகி, மறுபடி நெருங்கினார்கள். ஒரே நேரத்தில் இருபது விரிப்பும் மேசைக்கு வந்தன. கடைசி மடிப்பு விழுந்தது.

மச்சான் சிரிப்பைத் தயார் செய்துகொண்டார். வலக்கையை நெஞ்சில் வைத்தார். தலையைத் தாழ்த்தினார்.

மடிப்பக்காவின் கை விரிப்புக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. நெட்டை அந்தக் கையைப் பார்த்தாள். அடுத்த மேசைக்காரி பார்த்தாள். இருபது கைகள் இருபது விரிப்புகளுக்கு மேலே, அதே உயரத்தில் நின்றன. காற்று போகாத மடிப்புகள் உப்பிக்கொண்டு நின்றன. டிரம் அறையில் தண்ணீர் வடிகிற சத்தம் மட்டும் இருந்தது. பிறகு யாரோ விசையை இழுத்தார்கள். அதுவும் நின்றது.

மச்சான் தலை தாழ்த்தியபடியே இருந்தார். நிமிரலாமா என்று கேட்கிற மாதிரி, தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் செயலாளர் பக்கம் உருட்டினார்.

"என்னக்கா ஆச்சு?" என்றார் செயலாளர்.

"ஒண்ணுமில்ல தம்பி," என்றாள் மடிப்பக்கா. "மடிச்சிட்டிருக்கோம்."

கை இறங்கவில்லை.